விண்டோஸ் 10 முடிந்துவிட்டது, லேப்டாப்போ 7ஆம் தலைமுறை: லினக்ஸ் போட்டால் கேம் வேகமாக ஓடுமா?

பழைய_பெட்டி:
2017இல் வாங்கிய லேப்டாப். 7ஆம் தலைமுறை ஐ5, 4 ஜி.பி ஜிடிஎக்ஸ் 1050, 8 ஜி.பி ரேம். விண்டோஸ் ஒரு சின்ன எஸ்.எஸ்.டி.யில் இருக்கிறது, கேம்கள் எல்லாம் 1 டி.பி ஹார்ட் டிஸ்க்கில். விண்டோஸ் 10க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. 11க்குப் போகலாம் என்று பார்த்தால், அதன் பிராசசர் பட்டியலில் என்னுடையது இல்லை. லினக்ஸ் போடு, பறக்கும் என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள்.

என் உண்மையான தொல்லை வேறு. ஒரு ஓப்பன் வேர்ல்டு கேமில் எஃப்.பி.எஸ் (நொடிக்கு எத்தனை ஃபிரேம்) 50, 55 என்றுதான் காட்டுகிறது. ஆனால் வண்டியில் வேகமாகப் போய் ஒரு தெருமுனையில் திரும்பினால் படம் அப்படியே நின்று, பிறகு குதிக்கிறது. அரை மணி நேரம் ஆனதும் திக்கல் இன்னும் மோசமாகிறது. லினக்ஸ் போட்டால் இது போகுமா? கருப்புத் திரையில் கட்டளை அடித்துப் பழக்கம் கிடையாது. தம்பி வார இறுதியில் நண்பர்களோடு ஒரு ஆன்லைன் ஷூட்டர் விளையாடுவான், அதுவும் ஓட வேண்டும்.

கடைசி_வரிசை:
பறக்கும். அரை மணி நேரம் கழித்து ஃபேன் சத்தத்தைக் கேளுங்கள், இப்போதே ஓடுபாதையில்தான் நிற்கிறது.

கரும்பலகை:
நான் 10 வருடத்துக்கு மேல் லினக்ஸ்காரன். அதனால் நான் சொன்னால் கட்சி மாறிச் சொல்கிறேன் என்று யாரும் நினைக்க மாட்டீர்கள்: லினக்ஸ் போட்டால் உங்கள் திக்கல் போகாது.

விண்டோஸுக்கு எழுதிய கேம் லினக்ஸில் ஓடும்போது நடுவில் ஒரு துபாஷி உட்கார்ந்திருக்கிறார். கோப்பு, சாளரம், ஒலி என்று கேம் கேட்பதையெல்லாம் லினக்ஸுக்குப் புரியும்படி மாற்றுவது வைன், 1993இல் தொடங்கிய திட்டம். விண்டோஸின் வரைகலை மொழியான டைரக்ட்3டி 9, 10, 11இல் வரையச் சொன்னதை, லினக்ஸிலும் ஓடும் வல்கன் என்ற வரைகலை மொழிக்கு மாற்றுவது டி.எக்ஸ்.வி.கே. இவற்றையும் இன்னும் சிலவற்றையும் ஒன்றாகக் கட்டி 2018 ஆகஸ்டில், ஸ்டீம் கேம் கடையை நடத்தும் வால்வ் வெளியிட்டதுதான் புரோட்டான். 2022இல் லினக்ஸில் ஓடும் அவர்களின் கையடக்கக் கேம் கருவி ஸ்டீம் டெக் வந்த பிறகு இந்த வேலை நன்றாகச் சூடுபிடித்தது. டைரக்ட்3டி 11 வரை பெரிய இழப்பு தெரியாது, சில கேம்கள் விண்டோஸைவிட ஒரு நூல் கூடவே ஓடும். 12 என்றால் உங்கள் 1050 போன்ற பாஸ்கல் தலைமுறைக் கார்டுகளில் கண்ணுக்குத் தெரிகிற அளவு குறையும். எப்படிப் பார்த்தாலும் துபாஷி வந்ததால் ஹார்ட் டிஸ்க் வேகமாகச் சுற்றாது.

நீங்கள் சொன்னதில் இரண்டு வியாதி இருக்கிறது என்று சந்தேகம். முனையில் திரும்பும்போது நிற்பது ஒன்று. அரை மணிக்குப் பிறகு மோசமாவது இன்னொன்று. தூசுதட்டி அண்ணன் வந்தால் சொல்வார்.

தூசுதட்டி:
வந்துவிட்டேன்.

தம்பி, முதலில் எஃப்.பி.எஸ் சராசரியைப் பார்ப்பதை விடுங்கள். 60 எஃப்.பி.எஸ் என்றால் ஒரு ஃபிரேமுக்கு 16.7 மில்லிநொடி. 59 ஃபிரேம் ஒழுங்காக வந்து ஒன்று மட்டும் 150 மில்லிநொடி எடுத்துக்கொண்டால், சராசரி 50க்கு மேலேயே நிற்கும், ஆனால் கண்ணுக்கு அது ஒரு குழியில் வண்டி விழுந்த மாதிரி. ஃபிரேம் டைம் வரைபடம் காட்டும் ஏதாவது ஒன்றைப் போட்டுப் பாருங்கள். விண்டோஸில் ஆஃப்டர்பர்னர், லினக்ஸில் மேங்கோஹட். கோடு தட்டையாக ஓட வேண்டும். உங்களுடையது முள்ளங்கம்பி வேலி மாதிரி இருக்கும் என்று பந்தயம்.

அப்புறம் கேமை ஓடவிட்டு, அரை மணி கழித்து டாஸ்க் மேனேஜரில் மூன்று விஷயம் மட்டும் பாருங்கள்: ரேம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது, டிஸ்க் எத்தனை சதவீதம், பிராசசர் எத்தனை கிகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. எண்களோடு வாருங்கள், அதுவரை எதையும் அழிக்காதீர்கள், வாங்காதீர்கள்.

சனிக்கிழமை_வீரன்:
தம்பியின் ஷூட்டரைப் பற்றி யாரும் பேசவில்லையே. அதுதான் வீட்டில் சண்டை வரப்போகிற இடம்.

ஆன்லைன் போட்டி கேம்களில், ஏமாற்றி ஆடுபவர்களைப் பிடிக்க ஆன்ட்டி-சீட் என்ற நிரல் இருக்கும். ஈஸி ஆன்ட்டி-சீட், பேட்டில்ஐ இரண்டும் 2021லேயே புரோட்டானுக்கு வழி திறந்துவிட்டன. ஆனால் அந்த வழியைத் திறப்பதா வேண்டாமா என்று ஒவ்வொரு கேமுக்கும் அந்தந்த நிறுவனம்தான் முடிவு செய்யும். ஃபோர்ட்நைட் திறக்கவில்லை. ஏபெக்ஸ் லெஜன்ட்ஸ் கொஞ்ச காலம் லினக்ஸில் ஓடியது, 2024இல் மூடிவிட்டார்கள். வேலரன்ட்டின் ஆன்ட்டி-சீட்டான வேங்கார்ட், விண்டோஸின் மையமான கர்னலுக்குள்ளேயே உட்காருகிற சங்கதி, அது லினக்ஸில் ஓடுவதற்கு வழியே இல்லை. எந்தக் கேம் என்று சொல்லுங்கள், பார்த்துச் சொல்கிறேன். புரோட்டான்டிபி தளத்தில் பெயரைப் போட்டால் மற்றவர்கள் எழுதிய அனுபவம் கிடைக்கும். மேலே இருக்கும் பதக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள், கடைசி மூன்று மாதக் குறிப்புகளைப் படியுங்கள். பழைய தங்கம் இன்றைக்குப் பித்தளையாகியிருக்கலாம்.

ஒரு விஷயம், மெய்நிகர் கணினிக்குள் விண்டோஸ் போட்டு ஏமாற்றிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள். நான் வாங்கினேன். மூன்று வருடம் சேர்த்த கணக்கு ஒரே ராத்திரியில் தடை.

பழைய_பெட்டி:
எண்கள் இதோ. ரேம் 7.9இல் 7.6 நிரம்பியிருக்கிறது. கேம்கள் இருக்கும் டிஸ்க் திரும்பத் திரும்ப 100 சதவீதத்தைத் தொடுகிறது. பிராசசர் தொடக்கத்தில் 3.1இல் இருந்தது, அரை மணியில் 2.1க்கு இறங்கிவிட்டது. சூடு 96 டிகிரி. கேமை மூடி ஐந்து நிமிடம் ஆன பிறகும் விசைப்பலகையின் மேல்வரிசையில் கைவைக்க முடியவில்லை.

சனிக்கிழமை, பெயர் சொன்னேன் என்று தம்பிக்குத் தெரிந்தால் வம்பு. நீங்கள் சொன்ன மூன்றில் ஒன்றுதான்.

தூசுதட்டி:
2.1க்கு இறங்கியதா? அப்போது வெப்பம்தான் உங்கள் அரை மணி வியாதி. பிராசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. இதை எந்த இயங்குதளமும் மாற்ற முடியாது.

பின் மூடியைக் கழற்றுங்கள். கழற்றும்போதே ஒரு வெள்ளைத்தாளில் லேப்டாப்பின் பின்பக்கத்தை வரைந்து, எந்த ஸ்க்ரூ எங்கிருந்து வந்ததோ அங்கேயே தாளில் குத்தி வையுங்கள். நீளம் ஒரே மாதிரி இருக்காது. நீளமானதைக் குட்டையின் இடத்தில் முடுக்கினால் மேலே கை வைக்கும் பலகையில் கொப்புளம் மாதிரி எழும்பும் (என்னிடம் அப்படி ஒன்று இருக்கிறது, கட்டைவிரலுக்குத் தினமும் தட்டுப்படும்). மூடி வந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைப் பிடுங்குவது.

ஃபேனுக்கும் செப்புக் குழாய் முடிகிற சீப்புப் பல் மாதிரியான தகட்டுக்கும் நடுவில் பாருங்கள். தூசு தூளாக இருக்காது, கம்பளித் துணி மாதிரி ஒரே படலமாகப் படிந்திருக்கும். அதை வெளியிலிருந்து ஊதினால் உள்ளேதான் போகும். ஃபேனைக் கழற்றி, இடுக்கியால் அந்தப் படலத்தை அப்படியே உரித்து எடுங்கள். காற்று அடிப்பதாக இருந்தால் ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு அடியுங்கள், இல்லையென்றால் அது தன் வேகத்துக்கு மேல் சுற்றி பேரிங் போய்விடும். அதோடு தெர்மல் பேஸ்ட். இத்தனை வருடத்தில் காய்ந்த சுண்ணாம்பாகியிருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, பட்டாணி அளவு புதிது போதும்.

மற்ற வியாதிக்கு மருந்து இரண்டு. 8 ஜி.பி ரேம் ஒரே குச்சியா, இரண்டு 4ஆ? மூடியைத் திறந்திருக்கும்போதே பாருங்கள். ஒரே குச்சி என்றால் பக்கத்துக் காலி இடத்தில் அதே மாதிரி இன்னொரு 8 ஜி.பி டிடிஆர்4 போடுங்கள். 16 ஆவது மட்டுமில்லை, இரட்டைச் சேனலும் (இரண்டு குச்சியையும் ஒரே நேரத்தில் படிப்பது) கிடைக்கும். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி அதே இடத்தில் 2.5 அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி. முனை திரும்பும்போது நிற்பது, அடுத்த தெருவின் படங்களை அந்தச் சுற்றும் தட்டிலிருந்து தேடி எடுக்கிற நேரம்தான்.

கடைசி_வரிசை:
அண்ணே, பட்டாணி அளவு என்பது எந்தப் பட்டாணி? பச்சையா, காய்ந்ததா?

தூசுதட்டி:
காய்ந்தது. இந்தக் கேள்விக்குத்தான் உங்களை இங்கே வைத்திருக்கிறோம்.

மூலநிரல்:
எல்லாரும் லினக்ஸை ஒரு வேக மாத்திரையாகவே பேசுகிறீர்கள். கட்டற்ற மென்பொருள் என்று தமிழில் அழகாக ஒரு சொல் இருக்கிறது. இலவசம் என்பது அதன் பொருள் இல்லை, கட்டு இல்லாதது. ஓட்டலாம், திறந்து பார்க்கலாம், மாற்றலாம், மாற்றியதைப் பகிரலாம். நீங்கள் சொல்கிற ஏற்பாட்டில் ஸ்டீம் மூடியது, கேம் மூடியது. உங்கள் 1050ஐச் செய்த என்விடியா 2022 மே மாதம் தன் டிரைவரின் ஒரு பகுதியான கர்னல் மாட்யூலைத் திறந்தது, ஆனால் அது பிந்தைய டூரிங் தலைமுறையிலிருந்துதான், 1050க்கு அதுவும் இல்லை. இதில் கட்டற்றது எங்கே இருக்கிறது?

உருப்படியாக ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். இயங்குதளத்தை மாற்றுவதற்கு முன்னால் நிரல்களை மாற்றுங்கள். ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரே ஆஃபிஸ், வி.எல்.சி, ஓ.பி.எஸ், கிரிட்டா எல்லாம் விண்டோஸிலேயே ஓடும். ஒரு மாதம் அவற்றோடு வாழ்ந்து பாருங்கள். அப்புறம் லினக்ஸுக்குப் போனால் வீடுதான் மாறியிருக்கும், பாத்திரம் பண்டம் அதேதான்.

கரும்பலகை:
இரண்டாவது பத்திக்கு ஒரு கும்பிடு. முதல் பத்தியோடு பாதிதான் உடன்பாடு. மூடிய கேமை ஓட்டத்தான் வால்வ் காசு போடுகிறது, சரி. ஆனால் அந்த வேலை வைனுக்கும் மெசா என்ற கிராபிக்ஸ் டிரைவர் தொகுப்புக்கும் லினக்ஸ் கர்னலுக்கும் போய்ச் சேர்கிறது, அதைக் கேம் விளையாடாதவனும் அனுபவிக்கிறான். அப்புறம் கேம் என்பது நிரல் மட்டும் இல்லையே. 1997 டிசம்பரில் டூம் கேமின் நிரலை ஐடி சாஃப்ட்வேர் வெளியிட்டது. ஒலிக்கான நூலகம் வேறொருவருடையது, அதைக் கொடுக்க முடியாததால் லினக்ஸ் பதிப்பின் நிரலைத்தான் கொடுத்தார்கள். வரைபடம், படம், ஓசை எதுவும் அதில் சேரவில்லை. என்ஜின் கட்டற்றது, கதை கட்டுப்பட்டது. அந்த வெற்றிடத்தை நிரப்பத்தான் ஃப்ரீடூம் என்று ஒரு கூட்டம் உட்கார்ந்து எல்லாவற்றையும் புதிதாக வரைந்தது.

அறுகோணம்:
ரயில், பஸ் விட்டு நிறுவனம் நடத்தும் ஓப்பன் டி.டி.டி. கேமும் அப்படித்தான். 2004இல் வந்தபோது அசல் கேமின் படக் கோப்புகள் இல்லாமல் ஓடாது. படம், ஒலி எல்லாவற்றுக்கும் மாற்று தயாராகி 2010இல் 1.0 வந்த பிறகுதான் அசல் இல்லாமலே தன் காலில் நின்றது. இன்றைக்கும் நான் அதில் ரயில் சிக்னல் வைக்கத் தெரியாமல் நான்கு ரயிலை எதிரெதிரே நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

பழைய_பெட்டி, ஸ்க்ரூ கழற்றுகிற வாரம் முழுக்க விளையாட ஏதாவது வேண்டுமே. பேட்டில் ஃபார் வெஸ்னாத் இறக்கிக்கொள்ளுங்கள். 2003இல் தொடங்கியது, இன்னும் பராமரிக்கிறார்கள். அறுகோணக் கட்டங்களில் முறை வைத்து ஆடும் போர். கிராபிக்ஸ் கார்டே வேண்டாம். தம்பியோடு ஒரே திரையில் ஆட சூப்பர்டக்ஸ்கார்ட், கார் பந்தயம், பல பேர் திரையைப் பிரித்துக்கொள்ளலாம். 0 ஏ.டி. அழகான கேம்தான், ஆனால் படை பெருகப் பெருக நல்ல கணினியே மூச்சு வாங்கும், உங்கள் பெட்டியில் இப்போது வேண்டாம். கட்டிகளை அடுக்கி ஆடும் மைன்டெஸ்ட் என்று யாராவது சொன்னால் தேடிக் குழம்பாதீர்கள், 2024இல் லுவான்டி என்று பெயர் மாற்றிக்கொண்டது. அதைத் திறந்ததும் ஒன்றும் இருக்காது, அது வெறும் அடுப்பு. உள்ளே போய் வாக்ஸலிப்ரே மாதிரி ஒரு கேமை இறக்கினால்தான் சமையல்.

பழைய_பெட்டி:
ஒரு வாரம் ஆயிற்று, கணக்கு ஒப்புவிக்கிறேன். கம்பளி இருந்தது. நிஜமாகவே ஒரு சின்னப் பாய் மாதிரி உரிந்து வந்தது. பேஸ்ட் மாற்றிய பிறகு 81 டிகிரி, 3.1இல் நிற்கிறது. ரேம் ஒரே குச்சிதான், இன்னொன்று போட்டாகிவிட்டது. ஹார்ட் டிஸ்க் போய் எஸ்.எஸ்.டி. வந்தது. முனையில் திரும்பினால் இப்போது திரும்புகிறது, அவ்வளவுதான்!

ஆசை விடவில்லை, லினக்ஸ் வகைகளில் ஒன்றான மின்ட்டும் போட்டேன், விண்டோஸ் பக்கத்திலேயே இருக்கிறது. இங்கேதான் மாட்டிக்கொண்டேன். கேம்களைத் திரும்ப இறக்க வேண்டாமே என்று விண்டோஸின் அதே டிரைவை மின்ட்டில் இருக்கும் ஸ்டீமுக்கும் காட்டினேன். முதல் நாள் கேம் ஓடியது, ஆனால் 14 எஃப்.பி.எஸ். இரண்டாம் நாள் அதுவும் இல்லை, டிஸ்கில் எழுத முடியவில்லை என்கிறது. எதைக் கெடுத்தேன்?

கரும்பலகை:
எதையும் கெடுக்கவில்லை. இரண்டாம் நாளுக்கு முந்தைய ராத்திரி தம்பி விண்டோஸில் விளையாடிவிட்டு ஷட்டவுன் கொடுத்திருப்பான்.

விண்டோஸ் 8 காலத்திலிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்று ஒன்று இருக்கிறது. ஷட்டவுன் கொடுத்தால் முழுதாக மூடாது, கர்னலை அப்படியே டிஸ்கில் எழுதிவைத்துப் பாதி உறக்கத்துக்குப் போகும். வேடிக்கை என்னவென்றால், ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் உண்மையில் முழுதாக மூடுகிறது. அந்த டிரைவ் இன்னும் விண்டோஸின் கையில் இருப்பதாகத்தான் லினக்ஸ் பார்க்கும், அதனால் படிக்க மட்டும் விடும், எழுத விடாது. விண்டோஸின் பவர் ஆப்ஷன்ஸில் போய் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அணைத்துவிடுங்கள். அவசரத்துக்கு, ஷிஃப்டை அழுத்திக்கொண்டே ஷட்டவுன் கொடுத்தாலும் முழுதாக மூடும்.

ஆனால் அதைச் செய்தாலும் ஒரே டிரைவை இருவரும் பகிர்வது வேண்டாம். புரோட்டான் ஒவ்வொரு கேமுக்கும் ஒரு குட்டி விண்டோஸ் வீடு கட்டும். அதற்குள் 'சி:' என்ற பெயரிலேயே ஒரு இணைப்பு இருக்கும். முக்காற்புள்ளி உள்ள பெயர் விண்டோஸுக்கு ஆகாது. அடுத்த தடவை டிஸ்கைச் சரிபார்க்கும்போது அதைப் பிழை என்று நினைத்துத் 'திருத்தி' வைத்துவிடும். எஸ்.எஸ்.டி.யில் ஒரு பகுதியைப் பிரித்து, லினக்ஸின் சொந்தக் கோப்பு அமைப்பான எக்ஸ்ட்4 ஆக்கி, லினக்ஸ் கேம்களை அங்கே வையுங்கள். இறக்க வேண்டியதில்லை. கேமின் கோப்புறையை ஸ்டீமின் புதிய 'காமன்' கோப்புறைக்குள் நகலெடுத்துவிட்டு இன்ஸ்டால் அழுத்துங்கள், இருப்பதைச் சரிபார்த்துவிட்டு மிச்சத்தை மட்டும் கேட்கும்.

14 எஃப்.பி.எஸ் என்பது பிராசசரில் ஒட்டிக்கொண்டிருக்கும் இன்டெல் கிராபிக்ஸ். 1050 தூங்குகிறது. டிரைவர் மேனேஜரைத் திறந்து என்விடியா டிரைவரைப் போடுங்கள். 580 வரிசைக்கு மேல் போகாதீர்கள், பாஸ்கல் கார்டுகளுக்கு அதுதான் கடைசி. அப்புறம் என்விடியா செட்டிங்ஸில் பிரைம் புரொஃபைல்ஸ் என்ற இடத்தில் என்விடியாவைத் தேர்ந்தெடுத்து, மறுபடி உள்ளே வாருங்கள். கருப்புத் திரை எங்கேயும் வராது. முதல் தடவை கேம் திறக்கும்போது ஷேடர்களை (கிராபிக்ஸ் கார்டில் ஓடும் குட்டி நிரல்கள்) தயார் செய்கிறேன் என்று ஒரு பட்டை ஓடும், தாண்டிப் போகாமல் அது முடியும்வரை பொறுங்கள். தாண்டினால் அந்த வேலையை விளையாட்டின் நடுவே செய்யும், உங்கள் திக்கல் வேறு வேடத்தில் திரும்பி வரும்.

தூசுதட்டி:
ஒரு சின்னது. உங்கள் திரை 60 ஹெர்ட்ஸ் என்றால், 45, 50 என்று ஊசலாடுகிற கேமை 30இல் பூட்டிப் பாருங்கள். சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், ஆனால் ஒரே சீரான 30 ஊசலாடும் 50ஐவிடக் கண்ணுக்கு இதம். ஃபேனும் அடங்கும். 40இல் பூட்டுவது ஸ்டீம் டெக்கில் நன்றாக இருப்பதற்குக் காரணம் அதன் திரையையே 40 ஹெர்ட்ஸுக்கு இறக்க முடிவதுதான். சாதாரண 60 திரையில் 40 என்றால் சில ஃபிரேம் ஒரு தடவையும் சில இரண்டு தடவையும் வந்து நடுங்கும்.

சனிக்கிழமை_வீரன்:
தம்பி விண்டோஸிலேயே இருக்கட்டும். நீட்டித்த பாதுகாப்புத் திட்டத்தில் பதிந்துகொண்டால் தனிநபர் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை விண்டோஸ் 10க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். அந்தப் பக்கத்தில் கேம் மட்டும், வங்கிக் கணக்கு, மின்னஞ்சல் எல்லாம் மின்ட் பக்கத்தில். நானும் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

பழைய_பெட்டி:
எக்ஸ்ட்4, 580, பிரைம் எல்லாம் ஆயிற்று. ஓப்பன் வேர்ல்டு கேம் மின்ட்டில் விண்டோஸைவிட இரண்டு, மூன்று எஃப்.பி.எஸ் குறைவு, ஆனால் கோடு தட்டையாக இருக்கிறது. உண்மையைச் சொன்னால் மூன்று நாளாக அதைத் திறக்கவே இல்லை.

அறுகோணம் அக்கா, வெஸ்னாத்தில் ஒரு சந்தேகம். என் மந்திரவாதிக்கு 70 சதவீதம் படும் என்று போட்டிருக்கிறது. ஒரு உயிர்ப்புள்ளி மட்டும் மிச்சம் வைத்திருந்த ஓர்க்கை மூன்று தடவை அடித்தான், மூன்றும் தவறியது. அடுத்த முறையில் அந்த ஓர்க்கே அவனைக் கொன்றுவிட்டது. இது நிரல் பிழையா?

அறுகோணம்:
பிழை இல்லை. மூன்றும் தவற 2.7 சதவீதம் வாய்ப்பு இருக்கிறது, வெஸ்னாத்தில் அந்த 2.7 உங்கள் வீட்டு முகவரியைத் தெரிந்துவைத்திருக்கும். மந்திரவாதியை முன்வரிசையில் தனியாக விடாதீர்கள். ஓர்க்கின் பக்கத்துக் கட்டங்களில் இரண்டு ஈட்டிக்காரர்களை நிறுத்தி, அவர்கள் அடித்த பிறகு கடைசியாக அவனை அடிக்க விடுங்கள். அவர்கள் அடியிலேயே ஓர்க் விழுந்துவிட்டால், அவன் முன்னே வர வேண்டியதே இல்லை.